திறவுகோல் யார் கையில்?

(திறமூல இயங்குதளங்களில் அச்சுப்பொறியும் வருடியும் இயங்கும் வகைபற்றி நிகழ்த்திய பொழிவின் எழுத்துவடிவம்)



உழவன் ஒருவன் ஏர் வாங்குகின்றான். ஏரைச் செய்து விற்றவன் ஊரைவிட்டே போய்விட்டாலும் அவன் உழவு நின்றுவிடுவதில்லை. கொழு தேய்ந்தால் அடுத்த ஊர்க் கொல்லன் அடித்துத் தருவான். மேழி முறிந்தால் தச்சன் செதுக்கித் தருவான். ஏனெனில், ஏரின் அமைப்பில் மறைக்கப்பட்டது ஒன்றுமில்லை. கண்டவர் கற்கலாம், கற்றவர் திருத்தலாம். ஆகவே, வாங்கியவனே அதற்கு உரியவன்.

இனி, வீட்டு மேசைமேல் இருக்கும் பொறிகளைப் பாருங்கள். பிரிண்டர் என்றும் இசுகேனர் என்றும் மக்கள் வழங்கும் அச்சுப்பொறியும் வருடியும் இன்று பள்ளிகளிலும் கடைகளிலும் வீடுகளிலும் இடம்பெற்றுவிட்டன. அவை உழைத்து ஈட்டிய பணத்தைக் கொடுத்து வாங்கியவை. பழைய கணிப்பொறி விரைவு குன்றியது என்று, அதில் இலினக்சு எனும் திறமூல இயங்குதளத்தை ஒருவர் நிறுவுகின்றார். கணிப்பொறி புத்துயிர் பெற்று விரைந்து இயங்குகின்றது. ஆயின், நேற்றுவரை அச்சிட்ட பொறி இன்று வாளா கிடக்கின்றது. வருடியின் விளக்கு எரியவில்லை. பொறியில் பழுதில்லை, கம்பியில் பழுதில்லை, மை நிறைய இருக்கின்றது, தாளும் அடுக்கியிருக்கின்றது. பின், குறை எங்கே?

குறை மொழியில் இருக்கின்றது. அப்பொறிக்கு ஏவல் இடும் மொழி, அதனை விற்ற நிறுவனத்திற்கும் அது விரும்பிய இயங்குதளத்திற்கும் மட்டுமே தெரியும். வாங்கியவனுக்குத் தெரியாது. வீடு அவனுடையது; திறவுகோல் விற்றவன் கையில். இந்நிலை எவ்வாறு வந்தது, அதனை எதிர்த்து எவரெவர் என்ன செய்தனர், இன்று அஃது எவ்வளவில் நீங்கியிருக்கின்றது, ஒருவர் தம் பொறியைத் தாமே இயக்கிக்கொள்ளும் வழி யாது என்பனவே இப்பொழிவின் பொருள்.

பொறிக்கு ஏவும் மொழி

அச்சுப்பொறிக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. தாளில் எந்த இடத்தில் மைப்புள்ளி விழவேண்டும், எந்த இடம் வெறுமையாய் இருக்கவேண்டும் என்பதே அதற்கு வேண்டிய செய்தி. ஓர் அங்குலத்திற்கு 600 புள்ளி எனும் அளவில் அச்சிடும் பொறி, ஓரங்குல நீளமும் ஓரங்குல அகலமும் உள்ள சிறு கட்டத்திற்குள் 3,60,000 புள்ளியிடங்களை ஆளுகின்றது. இத்துணைப் புள்ளிகளையும் வரிசைப்படுத்தி, தாளை எப்பொழுது நகர்த்துவது, எந்த நிறத்தை எங்கே தெளிப்பது என்று ஏவவேண்டும். அவ்வேவலைப் பொறிக்குப் புரியும் குறியீடுகளாக மாற்றித் தரும் நிரலையே இயக்கி என்கின்றோம். கணிப்பொறிக்கும் அச்சுப்பொறிக்கும் இடையே நிற்கும் மொழிபெயர்ப்பாளன் அது.

அச்சுப்பொறி எழுதும் கை என்றால், வருடி படிக்கும் கண். தாளின்மேல் ஒளி பாய்ச்சி, திரும்பும் ஒளியை வரிவரியாக அளந்து, புள்ளிகளாகக் கணிப்பொறிக்கு அனுப்புவது அதன் தொழில். விளக்கை எப்பொழுது ஏற்றுவது, கண்ணை எவ்வளவு விரைவில் நகர்த்துவது என்பவற்றிற்கும் ஏவல்மொழி உண்டு. அதற்கும் இயக்கி வேண்டும். இயக்கி இல்லையேல், வாங்கிய பொறி வெறும் பெட்டியே.

தாள் சிக்கிய கதை

கட்டற்ற மென்பொருள் எனும் உலகப் பேரியக்கத்திற்கு வித்திட்ட நிகழ்ச்சிகளுள் ஒன்று, ஓர் அச்சுப்பொறியில் தாள் சிக்கியது என்றால் வியப்பாக இருக்கும். ஆயினும் அஃது உண்மை.

அமெரிக்காவின் மாசசூசெட்சுத் தொழில்நுட்பப் பயிலகத்தில் செயற்கை நுண்ணறிவு ஆய்வகம் ஒன்று இருந்தது. அங்குப் பணியாற்றியவர் இரிச்சர்டு இசுட்டால்மன். அச்சுப்பொறி ஒரு தளத்திலும், அதனைப் பயன்படுத்துவோருட் பலர் வேறு தளங்களிலும் இருந்தனர். அச்சிட ஏவிவிட்டு, நெடுநேரங் கழித்துப் படியேறிச் சென்று பார்த்தால், நடுவே தாள் சிக்கிப் பொறி நின்றுபோயிருக்கும். பழைய பொறியின் நிரல், மூலவடிவில் அவர்கள் கையில் இருந்தது. ஆகலின் இசுட்டால்மன் அதனைத் திருத்தினார். தாள் சிக்கினால், அச்சுக்காகக் காத்திருப்போர் அனைவர்க்கும் உடனே செய்தி போகும். அவருள் ஒருவர் எழுந்துபோய்ச் சரிசெய்வார். எளிய திருத்தம், எல்லார்க்கும் பயன்.

1980ஆம் ஆண்டு அளவில் செராக்சு நிறுவனம் அவ்வாய்வகத்திற்குப் புதிய ஒளியச்சுப்பொறி ஒன்றைக் கொடுத்தது. விரைவிலும் தெளிவிலும் பழையதினும் சிறந்தது. ஆனால் அதன் மூல நிரலைக் கொடுக்கவில்லை. தாள் சிக்குவது மட்டும் நிற்கவில்லை. முன்பு செய்த திருத்தத்தை இப்பொழுது செய்ய வழியில்லை. அந்நிரலின் படி கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஒருவரிடம் உண்டு என்று கேள்விப்பட்டு, அங்குச் சென்றபோது இசுட்டால்மன் அவரை நேரிற் கேட்டார். அவரோ தர மறுத்தார். எவர்க்கும் தருவதில்லை என்று நிறுவனத்திற்கு அவர் உறுதி எழுதிக் கொடுத்திருந்தார்.

இங்கே ஊன்றி எண்ணவேண்டியது ஒன்று உண்டு. மறுத்தவர் கொடியவர் அல்லர். கேட்டவர் எதனையும் திருட வந்தவர் அல்லர். அறிவுடைய இருவர்க்கு நடுவே ஓர் ஒப்பந்தத்தாள் நின்றது. ஒருவர்க்கு ஒருவர் உதவுதல் குற்றம் என்று அத்தாள் சொன்னது. அச்சினத்தையும் அச்சிந்தனையையும் இசுட்டால்மன் மறக்கவில்லை. 1983 செப்டம்பர் 27ஆம் நாள், எவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள முழு இயங்குதளம் ஒன்றைப் படைக்கப்போவதாக அவர் அறிவித்தார். அதுவே குனூ திட்டம். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் இலினசு தோர்வால்டுசு எழுதத் தொடங்கிய கருநிரல் அதனோடு இணைந்தது. இன்று உபுண்டு, தெபியன் எனப் பல பெயர்களில் வழங்கும் திறமூல இயங்குதளங்கள் இவ்விரண்டின் வழிவந்தவை.

தாளமுக்கிகள்

இயங்குதளம் பிறந்துவிட்டது, அச்சுப்பொறிகள் அதற்குப் பணிந்தனவா எனின், எளிதில் இல்லை.

1984இல் அடோபி நிறுவனம் போசுட்டுசிகிரிப்டு எனும் பக்க விளக்க மொழியை வெளியிட்டது. எழுத்து, கோடு, படம் ஆகியவற்றை எவ்விடத்தில் எவ்வளவில் வரையவேண்டும் என்று சொல்லும் மொழி அது. அதன் இலக்கணம் நூலாகவே வெளியிடப்பட்டிருந்தது. அம்மொழி அறிந்த அச்சுப்பொறிக்கு எந்த இயங்குதளத்திலிருந்தும் ஏவல் இடலாம். ஆயின் அதனைப் புரிந்துகொள்ளப் பொறிக்குள்ளேயே ஒரு சிறு கணிப்பொறி வேண்டும். ஆகலின் அப்பொறிகள் விலைமிக்கவை. 1988இல் பீட்டர் தாய்ச்சு என்பவர் கோசுட்டுசிகிரிப்டு எனும் நிரலை வெளியிட்டார். போசுட்டுசிகிரிப்டு மொழியைக் கணிப்பொறியே படித்துப் புள்ளிகளாக்கி, எளிய அச்சுப்பொறிக்கு அதன் மொழியில் அனுப்பும் நிரல் அது. எளியவர் வாங்கும் பொறிக்கும் திறமூல இயங்குதளத்தில் இடம் கிடைத்தது இதனால்தான்.

1990களில் வேறோர் இடையூறு எழுந்தது. விலையைக் குறைக்கவேண்டி, பொறிக்குள் இருந்த அறிவை எடுத்துவிட்டு, எண்ணும் வேலை முழுவதையும் விண்டோசு இயங்குதளத்தின்மேல் சுமத்தும் அச்சுப்பொறிகள் சந்தைக்கு வந்தன. விலை குறைந்ததில் குற்றமில்லை. குற்றம், அப்பொறிகளுட் பலவற்றின் ஏவல்மொழி மறைக்கப்பட்டதில் இருந்தது. இலினக்சில் அச்சுப்பொறிகள் இயங்கும் நிலையைத் தொகுத்துவந்த தன்னார்வலர்கள், அவற்றை முழுமையாக இயங்குவன, பெரும்பாலும் இயங்குவன, ஓரளவே இயங்குவன எனப் பகுத்தனர். அறவே இயங்காதவற்றிற்கு அவர்கள் இட்ட பெயர் தாளமுக்கி. காற்றில் பறவாமல் தாளின்மேல் வைக்கும் கல்லுக்கு ஒப்பானது என்பது கருத்து. நகையாகச் சொன்னாலும் நெஞ்சில் தைக்கும் பெயர் அது.

மறைத்த மொழியை எவ்வாறு கற்பது? ஊமையன் கையசைவை நாள்தோறும் பார்த்துப் பார்த்துப் பொருள் அறிவதுபோல்தான். விண்டோசிலிருந்து அச்சுப்பொறிக்குக் கம்பிவழிச் செல்லும் குறியீடுகளைப் பதிவுசெய்வர். ஒரே ஒரு புள்ளியை அச்சிட்டுப் பார்ப்பர். பின் இரண்டு புள்ளி. பின் ஒரு கோடு. எக்குறியீடு மாறியது, எதனால் மாறியது என்று ஒப்பிடுவர். கல்வெட்டின் சிதைந்த எழுத்தைப் படிப்பவர்க்கு வேண்டிய பொறுமை இதற்கும் வேண்டும். இப்படிக் கற்றவற்றைத் தமக்குள் பூட்டிவைக்காமல், மூல நிரலாக எல்லார்க்கும் வழங்கினர். இத்தகைய உழைப்பால் வளர்ந்த இயக்கித் தொகுப்புகளுள் ஒன்று குட்டன்பிரிண்டு. மைக்கேல் சுவீட்டு தொடங்கிய சிறு நிரலை, தம் புதிய அச்சுப்பொறியில் நல்ல படம் வரவேண்டும் என்று விரும்பிய இராபர்ட்டு கிராவிட்சு 1999இல் ஏற்று வளர்த்தார். தம் ஒருவர் தேவைக்காகத் தொடங்கியது, நூற்றுக்கணக்கான வகைப் பொறிகளுக்கு உதவும் தொகுப்பாயிற்று. அச்சுக்கலை முன்னோடி குட்டன்பர்கின் பெயரை அது தாங்கி நிற்பது பொருத்தமே. 2001 முதல் தில் காம்பெட்டர் என்பவர் முன்னின்று நடத்திவரும் ஓப்பன்பிரிண்டிங்கு எனும் அமைப்பு, இவ்வியக்கிகளையும் அவற்றைப் பற்றிய செய்திகளையும் ஒருங்கே பேணிவருகின்றது.

வருடிக்கு வந்த விடிவு

வருடியின் நிலை இதனினும் இரங்கத்தக்கதாக இருந்தது. அச்சுப்பொறிகளிலாவது சில பொதுமொழிகள் இருந்தன. வருடிகளிலோ உள்ளிருக்கும் சில்லு மாறினால் மொழியும் மாறும். ஒரே பெயரில் விற்ற இரு பெட்டிகளுக்குள் இரு வேறு சில்லுகள் இருப்பதும் உண்டு.

1996இல் தேவிட்டு மோசுபெர்கர், ஆந்திரியாசு பெக்கு ஆகிய இருவரும் தொடங்கிய திட்டம் சேன் என்பது. அப்பெயர்ச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் தெளிந்த அறிவுடையது எனும் பொருளும் உண்டு. அத்திட்டத்தின் அமைப்பும் தெளிவானதே. அடுக்களையில் சமைப்பது ஒரு வேலை. பந்தியில் பரிமாறுவது வேறொரு வேலை. வருடியோடு பேசும் பகுதியைப் பின்புறமாகவும், பயன்படுத்துவோர் காணும் திரைப்பகுதியை முன்புறமாகவும் சேன் பிரித்தது. புதிய வருடி வந்தால் பின்புற நிரல் ஒன்றை எழுதினால் போதும். எல்லா முன்புற நிரல்களும் அதனைப் பயன்கொள்ளும். இவ்விரண்டும் ஒரே கணிப்பொறியில் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. ஆகவே ஒரு கணிப்பொறியில் இணைத்த வருடியைப் பிணையத்தின் வழியாக வேறொரு கணிப்பொறியிலிருந்தும் இயக்கலாம்.

இதனால் விளைந்த பெரும்பயன் ஒன்றைச் சொல்லவேண்டும். விற்ற நிறுவனம் புதிய விண்டோசுப் பதிப்பிற்கு இயக்கி தராமல் கைவிட்ட பழைய வருடிகளுட் பல, இலினக்சில் இன்றும் இயங்குகின்றன. மூல நிரல் திறந்திருப்பதே அதற்குக் கரணியம். பழைய ஏட்டைக் கறையான் தின்னுமுன் பெயர்த்தெழுதியவர் இருந்ததால்தான் நம் நூல்கள் வாழ்ந்தன. பெயர்த்தெழுத இசைவுள்ள நிரலும் அவ்வாறே வாழும். பூட்டிவைத்த நிரல், பூட்டியவன் ஆர்வம் தீரும் நாளில் மாயும்.

ஆயிரம் மொழிபெயர்ப்பாளரினும் ஒரு பொதுமொழி

தன்னார்வலர் உழைப்பு பெரிதேயாயினும், அதற்கு எல்லை உண்டு. ஆண்டுதோறும் புதுப்புது வகைப் பொறிகள் வந்துகொண்டே இருக்க, ஒவ்வொன்றிற்கும் ஒவ்வோர் இயக்கி எழுதிக்கொண்டே இருப்பது, ஊறும் கிணற்றைக் குடத்தால் இறைத்து வற்றவைக்க முயல்வதைப் போன்றது. நிலையான தீர்வு, எல்லாப் பொறியும் ஒரே பொதுமொழியைப் பேசுவதுதான்.

அப்பொதுமொழிக்கு இணைய அச்சு நெறிமுறை என்று பெயர். சுருக்கமாக ஐபிபி என்பர். 1999இல் அதன் முதல் வடிவமும், 2000இல் 1.1 எனும் வடிவமும் வெளிவந்தன. அச்சுப்பொறியை நோக்கி, நீ எந்த அளவுத் தாளை ஏற்பாய், நிறம் உண்டா, இருபுறமும் அச்சிடுவாயா, மை எவ்வளவு இருக்கின்றது என்று கணிப்பொறி கேட்கவும், அது விடை சொல்லவும் வகைசெய்தது அந்நெறிமுறை. அன்று தாள் சிக்கியதைச் சொல்ல வழியில்லாமற் போயிற்றே, அச்செய்தியைப் பொறி தானே சொல்லும் முறையும் இதனுள் அடங்கும்.

இந்நெறிமுறையை அடித்தளமாகக் கொண்டு மைக்கேல் சுவீட்டு 1999இல் கப்சு எனும் அச்சு அமைப்பை வெளியிட்டார். இலினக்சு உலகம் அதனை ஏற்றது. ஆப்பிள் நிறுவனமும் 2002இல் தன் இயங்குதளத்தில் சேர்த்தது. 2007இல் அவரைப் பணியில் அமர்த்தி, மூல நிரலின் உரிமையையும் வாங்கியது. பின்னர் 2019 இறுதியில் அவர் ஆப்பிளினின்று விலகினார். ஆயினும் கப்சு அழியவில்லை. திறந்த உரிமத்தில் இருந்தமையால், ஓப்பன்பிரிண்டிங்கு அமைப்பு அதனை எடுத்து வளர்த்து 2021இல் 2.4 எனும் பதிப்பை வெளியிட்டது. உடையவர் மாறினும் ஊர்ப்பொதுக் கிணறு தூர்ந்துபோகவில்லை என்பது கருதத்தக்கது.

2010இல் ஆப்பிள் தன் கைப்பேசிகளிலிருந்து அச்சிடுவதற்கு ஏர்பிரிண்டு எனும் முறையைக் கொணர்ந்தது. கைப்பேசியில் ஒவ்வொரு பொறிக்கும் ஓர் இயக்கியை ஏற்றுவது இயலாது. ஆகவே பொறிதான் பொதுமொழி பேசவேண்டியதாயிற்று. ஏர்பிரிண்டும் ஐபிபியின்மேல் எழுந்ததே. 2013இல் ஐபிபி எவ்ரிவேர் எனும் திறந்த செந்தரம் வந்தது. அதே ஆண்டில் பெருநிறுவனங்கள் சில கூடி மோப்பிரியா எனும் கூட்டமைப்பைத் தொடங்கின. இவற்றின் பயனாக, இயக்கியே வேண்டாமல் அச்சிடும் நிலை வந்தது. வருடிகளுக்கும் இ-எசுசிஎல் எனும் பொதுமுறை பரவியது. அலெக்சாந்தர் பெவ்சுனர் எழுதிய சேன்-ஏர்சுகேன் எனும் பின்புற நிரல் அம்முறையை இலினக்சிற்குக் கொணர்ந்தது. யூஎசுபி கம்பியால் இணைத்த பொறியையும் பிணையப் பொறிபோல் நடத்தும் ஐபிபி-யூஎசுபி எனும் நிரலும் அவர் எழுதியதே. இயக்கிகளின் தாயகமாக விளங்கிய விண்டோசை உடைய மைக்ரோசாப்டு நிறுவனமும், ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி இயக்கி தரும் முறையினின்று படிப்படியாக விலகிப் பொதுமொழிக்குத் திரும்புவதாக 2023இல் அறிவித்தது. திறமூலத்தார் நாடிய வழிக்கே உலகம் வந்து சேர்ந்தது.

செய்முறை

கதை கேட்டால் போதாது. கைக்கொள்ளும் வழியும் வேண்டும்.

முதலாவது, வாங்குமுன் வினவுதல். பெட்டியின்மேல் ஏர்பிரிண்டு, மோப்பிரியா, ஐபிபி எவ்ரிவேர் என்பவற்றுள் ஒன்றேனும் குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கவேண்டும். இருப்பின், திறமூல இயங்குதளத்தில் அப்பொறி அச்சிடுவதற்குப் பெரும்பாலும் தடையில்லை. பழைய வருடி வாங்குவோர், சேன் திட்டத்தார் வெளியிட்டுள்ள பட்டியலில் அதன் பெயரையும் எண்ணையும் தேடவேண்டும். முழுமை, நன்று, அடிப்படை, குறைவு, இயங்காதது என அங்கு நிலை குறிக்கப்பட்டிருக்கும். பெயர் ஒன்றாயிருந்து எண் வேறாயின், அது வேறு பொறி என்றே கொள்க.

இரண்டாவது, இணைத்தல். பொறியையும் கணிப்பொறியையும் ஒரே கம்பியில்லாப் பிணையத்தில் சேர்த்து, அமைப்புகளில் அச்சுப்பொறி எனும் பகுதியைத் திறந்தால், புதிய பொறி தானே தோன்றும். தோன்றவில்லையாயின் இரண்டைப் பார்க்கவேண்டும். பொறி வேறொரு பிணையத்தில், குறிப்பாக விருந்தினர்க்குரிய பிணையத்தில், மாட்டியிருக்கலாம். அல்லது கணிப்பொறியின் தீயரண், பொறிகள் ஒன்றையொன்று கூவியழைக்கும் 5353 எனும் வாயிலை அடைத்திருக்கலாம். யூஎசுபி கம்பியால் இணைப்போர், ஐபிபி-யூஎசுபி எனும் நிரல் நிறுவப்பட்டுள்ளதா என்று பார்க்க. வருடிக்குச் சேன்-ஏர்சுகேன் வேண்டும். வருடும் நிரலில் ஒரே வருடி இருமுறை தோன்றினால் மருள வேண்டா. பொதுமுறைவழி ஒன்றும், பழைய இயக்கிவழி ஒன்றுமாகத் தோன்றுகின்றது. முதலிற் பொதுமுறையைத் தேர்ந்து பார்க்க.

மூன்றாவது, பழைய பொறியை வாழவைத்தல். எச்.பி. பொறிகளுக்கு அந்நிறுவனமே வெளியிடும் எச்பிலிப் எனும் தொகுப்பு உண்டு. எப்சன், கேனான் முதலியவற்றின் பழைய மைத்தெளிப்புப் பொறிகளுட் பலவற்றிற்குக் குட்டன்பிரிண்டு உதவும். பழைய இயக்கியும் ஐபிபி-யூஎசுபி நிரலும் ஒரே பொறியை ஒருங்கே பற்றமுடியாது என்பதை நினைவிற் கொள்க. ஒன்றை நிறுத்தினால்தான் மற்றொன்று இயங்கும். கப்சின் வரும் பெரும்பதிப்பில் பழைய இயக்கிமுறை நீங்கும் என்று அறிவித்திருக்கின்றார்கள். அதற்காக அஞ்ச வேண்டா. பழைய இயக்கியை ஓர் உறைக்குள் இட்டு, வெளியே ஐபிபி பேசும் புதிய பொறிபோல் தோன்றச் செய்யும் நிரல்கள் ஏற்கெனவே வந்துள்ளன. உள்ளங்கை அளவுள்ள சிறு கணிப்பொறி ஒன்றில் கப்சை நிறுவி, பத்தாண்டுப் பழைய அச்சுப்பொறியை அதில் இணைத்து, பள்ளியிலுள்ள கணிப்பொறிகளும் கைப்பேசிகளும் அதன்வழி அச்சிடச் செய்யலாம். குப்பைக்குப் போகவிருந்த பொறி பலர்க்கு உழைக்கும்.

மறைக்கத் தகாத குறைகள்

நல்லதைச் சொல்லும்போது குறையை மறைப்பது ஆசிரியர்க்கு அழகன்று. சில பொறிகளுக்குத் திறமூல இயக்கி இருந்தும், மூடிய துண்டுநிரல் ஒன்றைக் கூடவே இறக்கினால்தான் அவை இயங்கும். சில வருடிகள், ஒவ்வொரு முறை மின்னூட்டும்போதும் ஒரு நிரலைத் தம்முள் ஏற்றக் கேட்கும். அந்நிரலை விண்டோசு இயக்கியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். சில நிறுவனங்கள் இலினக்சிற்கெனத் தரும் மூடிய இயக்கி, இன்டெல் வகைக் கணிப்பொறிக்கு மட்டுமே தொகுக்கப்பட்டது; ஆர்ம் வகைச் சிறு கணிப்பொறியில் அஃது இயங்காது. மைக்குடுவையில் சில்லு வைத்துப் பிறர் மையை மறுக்கும் பூட்டு, பொறிக்குள்ளேயே இருப்பது. இயங்குதளத்தை மாற்றுவதால் அப்பூட்டுத் திறவாது.

திறந்த நிரலில் பிழை இராது என்றும் எண்ணவேண்டா. 2024 செப்டம்பரில், பிணையத்தில் அச்சுப்பொறிகளைத் தேடும் கப்சு சார்ந்த ஒரு நிரல், 631 எனும் வாயிலில் எவர் அனுப்பிய செய்தியையும் நம்பியது கண்டுபிடிக்கப்பட்டது. தீயோர் அதன்வழிப் போலி அச்சுப்பொறியைப் புகுத்தி, கணிப்பொறியைத் தம் ஏவலுக்கு உட்படுத்த இடமிருந்தது. பிழை வெட்டவெளியில் ஆராயப்பட்டது, திருத்தமும் வந்தது. ஆகவே, திறமூலம் என்பதற்காகக் கதவைத் திறந்துபோட்டு உறங்கலாகாது. இயங்குதளத்தைக் காலந்தோறும் புதுப்பிக்கவேண்டும். வேண்டாத நிரலை நிறுத்தவேண்டும். திறவுகோல் கையில் இருப்பவனுக்குக் கதவைப் பூட்டும் கடமையும் உண்டு.

தமிழ்ப் பக்கங்களின் பொருட்டு

இப்பொறிகளால் தமிழ் படிப்பவர்க்கு ஒரு தனிப்பயன் உண்டு. அச்சில் இல்லாத பழைய நூல்களும், மறைந்துபோன இதழ்களும் எத்தனையோ வீட்டுப் பேழைகளில் பழுப்பேறி ஒடிந்துகொண்டிருக்கின்றன. கைவிட்ட பழைய வருடி ஒன்றும், பழைய கணிப்பொறி ஒன்றும் இருந்தால் அவற்றைப் பக்கம் பக்கமாகக் காக்கலாம். வருடியது வெறும் படமே. அதனைத் தேடத்தக்க எழுத்தாக்க எழுத்துணரி வேண்டும். எச்.பி. நிறுவனத்தில் 1985 முதல் உருவாக்கப்பட்டு, 2005இல் திறமூலமாக வெளியிடப்பட்ட தெசரக்டு எனும் எழுத்துணரி இன்று தமிழையும் படிக்கின்றது. அங்குலத்திற்கு 300 புள்ளி எனும் அளவில், தாள் சாயாமல் வருடினால், தெளிந்த அச்சை அது பெரிதும் சரியாகவே படிக்கும். மங்கிய பக்கத்தில் பிழை மலியும். ஆகலின் ஒப்புநோக்கித் திருத்தும் கண்ணுடைய ஆள் வேண்டும். அவ்வேலைக்குத் தமிழாசிரியரும் தமிழ் மாணவரும் அன்றி வேறு எவர் உளர்?

நிறைவாக ஒன்று. 1980ஆம் ஆண்டு அளவில் ஒருவர் கேட்டது பெரிய செல்வம் அன்று. தாள் சிக்கினால் சொல்லச் செய்யவேண்டும், அதற்கு நிரலைக் காட்டுங்கள் என்பதே. மறுத்தார்கள். மறுப்பைக் கேட்டவர் முணுமுணுத்துவிட்டு அடங்கியிருந்தால், இன்றும் ஒவ்வொரு பெட்டியும் தன்தன் மந்தண மொழியை முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அவர் அடங்கவில்லை; அவர் பின்னே பெயர் தெரியாத பல்லாயிரவர் இரவு கண்விழித்துப் புள்ளி புள்ளியாகக் கற்று, கற்றதைப் பொதுவில் வைத்தனர். அவ்வுழைப்பின் பயனை உண்போர்க்குச் சிறு கடன் உண்டு. அடுத்த முறை கடையில் அச்சுப்பொறி வாங்கும்போது, விலையைக் கேட்குமுன், இது பொதுமொழி பேசுமா என்று கேளுங்கள். இயங்கிய பொறியின் பெயரையும், இயங்காத பொறியின் பெயரையும் அறிந்தவர்க்குச் சொல்லுங்கள். தூக்கியெறியுமுன் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். மாணவருள் ஒருவரேனும் மூல நிரலைத் திறந்து படிக்கட்டும்.

வாங்குபவர் கேட்கத் தொடங்கினால் விற்பவர் விடைசொல்லியே ஆகவேண்டும். உரிய பொருளின் திறவுகோல் உரியவர் கையில் இருப்பதே முறை.